வியாழக்கிழமை டேப்: ஒரு குடிநோய் கவுன்சிலரோட முதல் பத்து மாசம்

இது ஒரு கவுன்சிலரப் பத்தின கேஸ். குடிக்கிறவரப் பத்தியும் வரும், ஆனா நான் முக்கியமா எழுத நினைக்கிறது அவருக்கு எதிர்ல உக்காந்து பேசுன பொண்ணப் பத்தி. நான் பதினஞ்சு வருஷமா குடி, போதை சிகிச்சை மையங்கள்ல கவுன்சிலர்களுக்கு ட்ரெய்னிங் குடுக்குறேன். ஊரு, தொழில், சின்னச் சின்ன விவரம் எல்லாம் மாத்திட்டேன், ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு தான் எழுதுறேன்.

அந்தப் பொண்ணுக்கு 24 வயசு, எம்.எஸ்.டபிள்யூ.ங்கிற சமூகப்பணி மேற்படிப்பு முடிச்சிட்டு செப்டம்பர்ல வேலைக்கு சேந்துச்சு. சேந்த முதல் வாரமே அஞ்சு நாள் ட்ரெய்னிங், நான் தான் எடுத்தேன். குடின்னா ஒழுக்கக்கேடு இல்ல நோய், மூளையில என்ன மாறுது, வித்ட்ராயல்னா (குடிய நிறுத்துனதும் உடம்பு படுற பாடு) என்ன, கேள்வி எப்படி கேக்குறது, எதிராளி சொன்னத எப்படி திருப்பிச் சொல்றது, ரோல் ப்ளே, பரீட்சை, கடைசி நாள் சர்டிபிகேட், குரூப் போட்டோ. பரீட்சையில அந்தப் பொண்ணு தான் முதல் மார்க். ட்ரெய்னிங் முடிஞ்சதும் ஒரு ஃபார்ம் குடுப்போம், "இப்ப உங்க திறமைக்கு பத்துக்கு எத்தன மார்க் போடுவீங்க"ன்னு. எட்டு போட்டுச்சு. எனக்கும் அது சரின்னு தான் பட்டுச்சு.

அக்டோபர் முதல் வாரம் முதல் கேஸ். 42 வயசு பெயின்டர், வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறவர், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. தினமும் ரெண்டு குவாட்டர். ஒரு குவாட்டர்னா 180 மில்லி, நம்ம ஊரு சரக்குல ஆல்கஹால் 42.8 சதவீதம், கணக்கு போட்டா ஒரு குவாட்டர்லயே சுத்த ஆல்கஹால் 60 கிராம் வரும். காலையில எந்திரிச்சதும் கை நடுங்கும், ஒரு கட்டிங் உள்ள போனா தான் பல்லு வெளக்க முடியும், பிரஷ்ஷ புடிச்சு நேர்கோடு இழுக்க முடியும். உலக சுகாதார நிறுவனத்தோட ஆடிட்ங்கிற பத்து கேள்வி ஃபார்ம்ல 40க்கு 27 வாங்கினார், 20 தாண்டினாலே அடிமைநிலையா இருக்கலாம்னு பாக்கணும். இதுக்கு முன்னாடி கோயில்ல கயிறு கட்டியிருக்கார், ரெண்டு தடவ மாலை போட்டிருக்கார், பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கார். ஒவ்வொன்னும் கொஞ்ச நாள் நின்னுருக்கு, அது எனக்கு ரொம்ப முக்கியமா படும் எப்பவும், ஏன்னா விட முடியாதவர்னு எல்லாரும் சொல்ற ஆளு 48 நாள் விட்டுக் காட்டியிருக்கார்ல.

எங்ககிட்ட வியாழக்கிழமை வியாழக்கிழமை டேப் கேக்குற வழக்கம் ஒன்னு உண்டு. டேப்புன்னு பேரு தான், போன் ரெக்கார்டிங். வந்தவர்கிட்ட முன்னாடியே விளக்கிச் சொல்லி கையெழுத்து வாங்கி, பேரு எதுவும் இல்லாம, கேட்டு முடிச்சதும் அழிச்சிடணும்ங்கிற கண்டிஷனோட. அவரு வேண்டாம்னா வேண்டாம், சிகிச்சையில அதனால ஒரு மாத்தமும் வராது. இவரு சரின்னுட்டார். முதல் டேப்ல இருந்து ஒரு துண்டு:

"விடணும்னு தான் மேடம் இருக்கு, ஆனா சாயங்காலம் வேலை முடிஞ்சா உடம்பு கேக்குது."

"உடம்பு கேக்குதுன்னு சொல்லாதீங்கண்ணே, மனசு தான் காரணம். ரெண்டு பொண்ணுங்க இருக்காங்கள்ல, அவங்கள நெனச்சுப் பாருங்க."

"நெனைக்காம இல்ல மேடம்."

"நெனச்சா குடிக்கத் தோணுமாண்ணே?"

"...சரிங்க மேடம்."

இருவது நிமிஷம் இப்படியே. நான் டேப் கேக்கும்போது ஒரு பேப்பர்ல குறி போட்டுக்கிட்டே கேப்பேன், கேள்விக்கு ஒரு கோடு, அவரு சொன்னத புரிஞ்சு திருப்பிச் சொன்னா ஒரு டிக், அறிவுரைக்கு ஒரு பெருக்கல். அன்னைக்கு பேப்பர் பூரா பெருக்கல் குறி, அடுத்தது கோடு, டிக் ஒன்னே ஒன்னு, அதுவும் "ஓ பெயின்டிங் வேலையா"ங்கிறது. அவரு பக்கத்துல இருந்து வந்ததெல்லாம் "சரிங்க மேடம்", "சரிங்க மேடம்". அந்த சரிங்க மேடத்துக்கு அர்த்தம் சம்மதம்னு நெனச்சு ஏமாந்த கவுன்சிலர்கள எத்தனையோ பாத்திருக்கேன், அது நம்ம ஊருல பெரியவங்க முன்னாடி, ஆபீசர் முன்னாடி, டாக்டர் முன்னாடி பேச்ச முடிச்சிட்டு வெளிய போறதுக்கு சொல்ற வார்த்தை.

இந்த இடத்துல நான் பண்ணுன தப்ப எழுதணும். அந்த டேப்ப அஞ்சு பேரு உக்காந்திருந்த ரூம்ல ஸ்பீக்கர்ல போட்டேன். எல்லாரும் சேந்து கத்துக்கலாம்னு நெனச்சு தான் போட்டேன், ஆனா அந்தப் பொண்ணு தன் குரல முதல் தடவையா கேக்குறதே அஞ்சு பேரு முன்னாடி. பாதியில எந்திரிச்சு போயிடுச்சு. வெளிய படிக்கட்டுல உக்காந்து அழுதுகிட்டே என்கிட்ட சொன்னது இன்னும் காதுல இருக்கு: "சார், எங்கப்பா குடிச்சிட்டு வந்தா எங்கம்மா இதே மாதிரி தான் பேசும். அதே வார்த்தை சார்." அஞ்சு நாள் ட்ரெய்னிங் குடுத்தேனே, அதுக்கு அடியில இருவது வருஷ வீட்டு ட்ரெய்னிங் ஒன்னு ஓடிக்கிட்டு இருந்திருக்கு, அத நான் கேக்கவே இல்ல. அன்னைக்கு முடிவு பண்ணேன், முதல் டேப்ப அதுல பேசுன கவுன்சிலர் தனியா ஹெட்போன்ல கேக்கணும், எந்த அஞ்சு நிமிஷத்த மத்தவங்களுக்கு போட்டுக் காட்டலாம்னு அவங்களே தேர்ந்தெடுக்கணும்னு.

குற்றஞ்சாட்டி பேசுறது மனசு நோகும்ங்கிறதோட முடியுற விஷயம் இல்ல, குடியவே கூட்டும். அமெரிக்காவுல நியூ மெக்சிகோ யுனிவர்சிட்டில வில்லியம் மில்லர்னு ஒரு உளவியல் பேராசிரியர், மல்லுக்கட்டாம, மாறணும்ங்கிற காரணத்த வந்தவர் வாயாலயே வர வைக்கிற ஊக்குவிச்சு பேசுற முறைய (மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்) பத்தி 1983லயே முதல் கட்டுரை எழுதுனவர், 1993ல அவரோட குழு 42 குடிக்கிறவங்கள வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுல சிகிச்சை குடுக்குறவங்க எந்த அளவுக்கு எதிர்த்து மல்லுக்கட்டி பேசுனாங்களோ அந்த அளவுக்கு வந்தவங்க ஒரு வருஷம் கழிச்சு அதிகமா குடிச்சிருந்தாங்க. நாம "நல்லதுக்கு தான சொல்றேன்"னு சொல்லுவோம், நல்லதுக்கு சொன்னது தான், ஆனா ஒருத்தரு மனசுல விடணும் வேண்டாம்னு ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டு இருக்கும்போது நாம விடணும்ங்கிற பக்கத்த புடிச்சுகிட்டா அவரு மிச்சம் இருக்குற பக்கத்துக்கு வக்கீலா மாறிடுவாரு.

அப்புறம் அந்த எட்டு மார்க். 2004ல மில்லர் குழு இன்னொன்னு பண்ணாங்க, போதை சிகிச்சைல வேலை பாக்குற 140 பேர அஞ்சு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு வொர்க்‌ஷாப் மட்டும், ஒன்னுக்கு வொர்க்‌ஷாப்போட அவங்க டேப்புக்கு மார்க் போட்டு விவரம் சொல்றது, இன்னொன்னுக்கு போன்ல கோச்சிங், இன்னொன்னுக்கு எல்லாமே, கடைசி குரூப்புக்கு இப்போதைக்கு புத்தகமும் வீடியோவும் மட்டும் குடுத்து நீங்களே படிச்சுக்கங்கன்னு விட்டுட்டாங்க. தானா படிச்சவங்கள விட ட்ரெய்னிங் எடுத்த எல்லாரும் நல்லா தேறினாங்க, அதுல டேப் விவரமோ கோச்சிங்கோ கிடைச்சவங்க இன்னும் மேல போனாங்க. எனக்கு தூக்கி வாரிப்போட்டது இன்னொரு முடிவு: கவுன்சிலர்கள் தன் திறமைக்கு தானே போட்ட மார்க்குக்கும் டேப்ல கேட்ட நிஜமான திறமைக்கும் சம்பந்தமே இல்ல. அத படிச்ச பிறகும் நான் வருஷக்கணக்கா அந்த பத்து மார்க் ஃபார்ம நிரப்ப வச்சு ஃபைல் பண்ணிக்கிட்டு இருந்தேன், மேல ரிப்போர்ட் அனுப்ப அது தான் வசதின்னு. இந்த கேசுக்கு அப்புறம் நிறுத்திட்டேன்.

இது வெள்ளைக்காரங்க ஊருல தான் நடக்கும், நம்ம ஊருல ஆளு எங்க, காசு எங்கன்னு கேப்பாங்க. கோவால சங்கத் (Sangath)னு ஒரு அமைப்பு பண்ணிக் காட்டியிருக்கு. மனநலப் படிப்பே படிக்காத உள்ளூர் ஆளுங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே உக்கார வச்சு, அதிகபட்சம் நாலு சிட்டிங். 2017ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல அந்த முடிவு வந்துச்சு: 377 ஆம்பளைங்க, 3 மாசம் கழிச்சு பாத்தா கடைசி 14 நாள் தொடவே இல்லைன்னு சொன்னவங்க கவுன்சிலிங் கிடைச்ச பக்கம் 42 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்ச பக்கம் 18. நம்ம பெயின்டர் மாதிரி அடிமைநிலைக்கு போனவங்க அந்த ஆய்வுல இல்ல, ஆடிட்ல 12ல இருந்து 19 வரைக்கும் வந்தவங்க தான், அத மறைக்கக் கூடாது. ஆனா அவங்க கவுன்சிலர்கள வளத்த விதம் தான் எனக்கு வேணும். வாரா வாரம் கூடி ஒருத்தர் டேப்ப ஒருத்தர் கேட்டு, ஒரு தர அளவுகோல் வச்சு மார்க் போட்டு பேசிக்கிட்டாங்க, நிபுணர் மட்டும் தான் டேப் கேக்கணும்னு இல்லாம கூட வேலை பாக்குறவங்களே ஒருத்தர ஒருத்தர் கேட்டாங்க. எங்க வியாழக்கிழமை அங்க இருந்து எடுத்தது தான்.

நம்ம பொண்ணு ரெண்டு வாரம் டேப் தரல, நானும் கேக்கல. மூணாவது வாரம் தானா வந்து அஞ்சு நிமிஷ துண்டு ஒன்னு குடுத்துச்சு. அப்படி மெதுவா ஓடி நவம்பர் நடுவுல நாலாவது சிட்டிங். அந்த டேப்ப பத்தி தனியா சொல்லணும்.

அதுல அவரு சந்தோஷமா சொல்றார், "ஞாயித்துக்கிழமை கார்த்திகை ஒன்னு மேடம், மாலை போடப் போறேன், சனிக்கிழமை ராத்திரியோட சரக்க தலை முழுகிடுறேன்." இந்தப் பொண்ணு, "சூப்பர்ண்ணே, உங்களால முடியும்"னு மனசார பாராட்டுது. டேப்ப கேட்டுக்கிட்டு இருந்த மூணு பேரும் தலையாட்டினோம், நான் உட்பட. எங்க கூட ஒரு நர்ஸம்மா உக்காந்திருந்தாங்க, அவங்க மட்டும், "இவருக்கு முந்தி வலிப்பு வந்திருக்கான்னு பாருங்க"ன்னாங்க. ஃபைல எடுத்து பாத்தா முதல் நாள் ஃபார்ம்லயே இருக்கு: ரெண்டு வருஷம் முன்னாடி மாலை போட்ட ரெண்டாம் நாள் வலிப்பு, அக்கம்பக்கத்துல சாமி குத்தம்னு பேசிக்கிட்டாங்களாம். எழுதி வாங்குனதும் இதே பொண்ணு தான்.

தினமும் ரெண்டு குவாட்டர் குடிக்கிற உடம்பு திடீர்னு நிறுத்துனா ஆறு எட்டு மணி நேரத்துலயே நடுக்கம், வேர்வை ஆரம்பிச்சிடும், வலிப்பு வந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு நாளுக்குள்ள வரும், அதுக்கு அடுத்து புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியெல்லாம் உடம்புல ஊர்ற மாதிரி தெரியுற நிலைமை, அதுல கவனிக்காம விட்டா உயிரே போகலாம். முன்னாடி வலிப்பு வந்தவருக்கு ஆபத்து இன்னும் ஜாஸ்தி. சாமிக்காக நிறுத்துறதுல ஒரு தப்பும் இல்ல, அந்த நம்பிக்கை தான் அவரோட பெரிய பலம், ஆனா உடம்புக்கு டாக்டர் துணை வேணும்.

வியாழக்கிழமை சாயங்காலமே போன் போட்டு, வெள்ளிக்கிழமை காலையில அரசு ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. நடுக்கமும் வலிப்பும் வராம தடுக்குற குளோர்டயசெபாக்சைடு மாத்திரை, படிப்படியா டோஸ குறைச்சாங்க, பி1 வைட்டமின் ஊசி. குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி அந்த பி1 போகணும், இல்லன்னா ஏற்கனவே பி1 வத்திப்போன மூளைக்கு சேதம் ஆகலாம், இத கவுன்சிலருக்கும் தெரியணும்னு நான் சொல்றது ஊசி போடுறதுக்காக இல்ல, குடும்பத்துக்கு விளக்கிச் சொல்றதுக்காக. வலிப்பு வரல. டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரம் கழிச்சு மாலை போட்டார், குருசாமிகிட்ட விஷயத்த சொன்னதும் அவரு, "உடம்ப பாத்துட்டு வா, ஐயப்பன் எங்கயும் போகமாட்டாரு"ன்னு சொல்லியிருக்கார்.

அந்த நேரத்துல தான் அவரு வீட்டம்மா தனியா வந்து கேட்டாங்க, "சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுக்குற மருந்து இருக்காமே"ன்னு. அப்படி விக்கிற பொடியில எது இருக்குன்னே தெரியாது, குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற டைசல்ஃபிரம் மருந்தா இருந்து அது தெரியாம அவரு குடிச்சா, முகமெல்லாம் சிவந்து நெஞ்சு படபடத்து பிரஷர் இறங்கி ஆளே போயிடலாம், அவருக்கு தெரிஞ்சு அவரு சம்மதத்தோட டாக்டர் குடுத்தா தான் அது மருந்து. இந்தப் பொண்ணு அத ஒரு வரி பயமுறுத்தாம சொல்லிட்டு, "நீங்க எவ்வளவு தளந்து போயிருந்தா இத யோசிச்சிருப்பீங்கக்கா"ன்னு கேட்டுச்சு. அவங்க அரை மணி நேரம் பேசுனாங்க.

அஞ்சாவது சிட்டிங் டேப்:

"சாயங்காலம் அஞ்சு மணி ஆனா கை தானா பைய தேடுது மேடம்."

"அஞ்சு மணி தான் உங்கள சோதிச்சு பாக்குது."

அதுக்கு அப்புறம் ஒரு அமைதி. ஆறு ஏழு செகண்டு இருக்கும், ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. முதல் டேப்பா இருந்தா அந்த இடத்துல மூணு கேள்வி விழுந்திருக்கும். அந்தப் பொண்ணு டேபிளுக்கு அடியில விரல மடக்கி மடக்கி எண்ணிக்கிட்டு இருந்துச்சாம், பேசிடக்கூடாதுன்னு. அப்புறம் அவரு:

"ஆமா. கூலி குடுக்குற நேரம். மேஸ்திரி கூலிய கடை வாசல்ல வச்சு தான் மேடம் குடுப்பாரு. சில்லற மாத்த உள்ள போவாரு, நாங்களும் கூட போவோம்."

நாலு சிட்டிங்ல வராத விஷயம். மனசு, பொண்ணுங்க, மானம், வைராக்கியம்னு நாம பேசிக்கிட்டே இருந்தோம், அவரு வாழ்க்கையில கூலியும் சரக்கும் ஒரே வாசல்ல இருந்திருக்கு. அதுக்கு தீர்வும் அவரே சொன்னார், "பெரிய பொண்ணு அக்கவுண்ட்டுக்கு ஜிபே பண்ணச் சொல்லலாம், மேஸ்திரிகிட்ட நானே பேசுறேன்." பேசினார். மேஸ்திரி முதல்ல முறுக்கிட்டு அப்புறம் ஒத்துக்கிட்டார். டேப்புக்கு மார்க் போடுற முறைகள்ல ஒரு கேள்விக்கு ரெண்டு தடவ திருப்பிச் சொல்றது இருந்தா நல்ல தரம்னு வச்சிருக்காங்க, ஒன்னுக்கு ஒன்னு இருந்தாலே பரவால்ல. அந்த டேப்ல நம்ம பொண்ணு ஒன்னுக்கு ஒன்ன தாண்டியிருந்துச்சு. நான் பேப்பர காட்டுனப்ப அது மார்க்க பாக்கல, "சார், கடை வாசல்ல வச்சு கூலி குடுக்குறாங்க சார்"னு அதையே திருப்பித் திருப்பி சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

பொங்கல் சமயத்துல மாலைய கழட்டினார். கழட்டுற நாளுக்கு என்ன ப்ளான்னு முன்னாடியே பேசி வச்சிருந்தாங்க, இருந்தும் காணும் பொங்கலன்னைக்கு மச்சான் கூட உக்காந்துட்டார், மூணு நாள் ஓடுச்சு. முன்னாடியெல்லாம் இப்படி ஆனா அவரு ஒரு வருஷம் மையத்து பக்கமே வரமாட்டார், இந்த தடவ நாலாம் நாள் தானா வந்தார். "திட்டுவீங்கன்னு தோணல மேடம், அதான் வந்தேன்"னார். அந்த வரிய நான் எழுதி வச்சிருக்கேன். மார்ச்ல வேற ஒன்னு முளைச்சுது, ராத்திரி போன்ல காசு வச்சு ரம்மி, ரெண்டு வாரத்துல நாலாயிரம் போயிருந்துச்சு. முன்னாடி குடியில போன அந்த மூணு மணி நேரத்த எதையாவது போட்டு நிரப்பணும்ல. கவுன்சிலருக்கு சரக்கு மட்டும் தெரிஞ்சா பத்தாது, சூதாட்டமும் கேமிங்கும் இப்ப உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்லயே குடியோட ஒரே அத்தியாயத்துல இருக்கு, ஆனா எங்க அஞ்சு நாள் ட்ரெய்னிங்ல அதுக்கு இருந்தது முக்கால் மணி நேரம். அடுத்த பேட்ச்சுக்கு ஒரு நாள் ஆக்கியிருக்கோம்.

தடுப்பு வேலையும் கவுன்சிலர் தலையில தான் விழும். ஜூன் 26, போதை ஒழிப்பு நாள், ஒரு ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டாங்க, கெட்டுப்போன ஈரல் படம், நுரையீரல் படம் எல்லாம் கொண்டு வாங்க, குடிய விட்டவர் யாராச்சும் வந்து பேசுனா நல்லா இருக்கும்னாங்க. நம்ம பெயின்டர் ரொம்ப ஆசையா நான் வர்றேன்னார். இந்த ரெண்டுமே, பயமுறுத்துறதும் பழைய ஆளுங்கள வச்சு அனுபவம் பேச வைக்கிறதும், பள்ளிக்கூடப் புள்ளைங்ககிட்ட பலன் தராதுன்னு ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் 2013ல போட்டு 2018ல புதுப்பிச்ச தடுப்பு வழிகாட்டியில தெளிவா இருக்கு. பலன் தர்றது சலிப்பான வேலைங்க, பெத்தவங்களுக்கு வளர்ப்புப் பயிற்சி, வகுப்ப வாத்தியார் நடத்துற விதம், புள்ளைங்களே கலந்து பேசி பழகுற பல வார வகுப்பு. இந்தப் பொண்ணு எச்.எம்.கிட்ட போய் ஒரு மணி நேர பேச்சுக்கு பதிலா பத்தாம் வகுப்பு பெத்தவங்களோட நாலு சனிக்கிழமை கேட்டு வாங்கிட்டு வந்துச்சு. பெயின்டருக்கு வருத்தம் தான். அவர ஏ.ஏ. கூட்டத்துல, அதாவது குடிய விட்டவங்களும் விட நினைக்கிறவங்களும் கூடி பேசுற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துல, பேசச் சொன்னோம், அங்க அவரு பேச்சுக்கு உயிர் இருக்கு, நேத்து குடிச்சிட்டு இன்னைக்கு நடுங்குறவன் எதிர்ல உக்காந்திருக்கான்.

பத்தாவது மாசம் அவரு நிலைமை: கடைசி 90 நாள்ல குடிச்சது ரெண்டு நாள், அதையும் அவரே வந்து சொன்னார், போன்ல ரம்மி ஆப் இல்ல, மேஸ்திரி இப்ப இன்னும் ரெண்டு பேருக்கு கூலிய வீட்டு அக்கவுண்ட்டுக்கு போடுறார்.

போன வாரம் வியாழக்கிழமை புதுசா சேந்த ஒரு தம்பி முதல் டேப்போட வந்தான். ஸ்பீக்கர் எங்கன்னு தேடினான். நம்ம பொண்ணு டிராயர்ல இருந்து ஹெட்போன எடுத்து அவன் கையில குடுத்துச்சு, ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து பக்கத்துல வச்சுச்சு, எங்க எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்து கதவ சாத்துச்சு.